இடையிடையே அறுபடும் கம்பியில்லா இணைப்பு: லினக்ஸ் கணினியில் குறை காணும் முறை

மாவட்டத் தலைநகருக்குத் தொலைவில் உள்ள ஒரு கள அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் கிராமங்களைச் சுற்றிவந்த ஊழியர் மாலையில் கணினியின் முன் அமர்ந்து, அன்று திரட்டிய விவரங்களை ஒவ்வொன்றாகப் பதிகின்றார். நாற்பதாவது வரியை முடித்து அனுப்பும் தறுவாயில் கம்பியில்லா இணைப்பு அறுந்துவிடுகிறது. இரண்டு நிமிடங்களில் அது தானே திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் பதிந்த நாற்பது வரிகள் திரும்பி வருவதில்லை. பாடசாலைகளிலும் இதே நிலைமையைக் காணலாம். ஆசிரியர் படக்காட்சி ஒன்றைத் திரையில் காட்டத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் இணைப்பு நின்றுபோனால், அன்றைய பாடவேளையும் அத்துடன் நின்றுபோகிறது.

இத்தகைய சமயங்களில் வழக்கமாக நடைபெறுவது யாதெனில், ஒருவர் ரூட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். மற்றொருவர் கடவுச்சொல்லை மாற்றுகிறார். மூன்றாமவர் கணினியின் மென்பொருள் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவுகிறார். இறுதியில் சில்லறைச் செலவு நிதியிலிருந்து புதிய ரூட்டர் ஒன்று வாங்கப்படுகிறது. எனினும் குறை நீங்குவதில்லை. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்துகள் கொடுக்கப்பட்டதே இதற்குக் காரணம். லினக்ஸ் அமைப்பில் இயங்கும் கணினியில் இக்குறையை ஒழுங்கான முறையில் ஆராய்ந்து, அது எவ்விடத்தில் உள்ளது என்று கண்டறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கைக்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும்.

லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த இயங்குதளமாகும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளமும், கேரள மாநில அரசுப் பாடசாலைகளில் பயிற்றப்படும் இயங்குதளமும் இதனை அடிப்படையாகக் கொண்டவையே. ஆகவே இங்குக் கூறப்படும் முறை நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள கணினிகளுக்குப் பொருந்தும்.

சங்கிலியின் நான்கு கண்ணிகள்

கணினிக்கும் வெளியுலகுக்கும் இடையேயுள்ள தொடர்பை நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலிக்கு ஒப்பிடலாம். முதற் கண்ணி கணினியினுள் உள்ள கம்பியில்லாக் கருவியும், அதனை இயக்கும் மென்பொருளாகிய டிரைவரும் ஆகும். இரண்டாவது, கணினிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட வெளி. மூன்றாவது, ரூட்டரும் அதற்கு மின்சாரம் தரும் சாதனமும். நான்காவது, ரூட்டரிலிருந்து வெளியே செல்லும் கம்பியும், இணையதளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் பெயர்ச் சேவையும். இவற்றுள் எக்கண்ணி அறுந்தாலும் திரையில் தோன்றும் விளைவு ஒன்றே: 'இணைப்பு இல்லை' என்னும் அறிவிப்பு. விளைவு ஒன்றாயிருப்பதால் காரணமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவதே பிழைகள் அனைத்திற்கும் தொடக்கமாகும்.

இரண்டாவது கண்ணியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. 1890களில் கல்கத்தாவில் ஆசார்ய ஜகதீச சந்திர வசு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கிப் பல சோதனைகளைச் செய்து காட்டினார். இன்றைய வைஃபை அலைகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அவற்றின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இவ்வகைத் தொடர்புக்கான முதற் பொது விதிகள் 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த ஆற்றலில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என அறிவிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இச்சலுகை 2018ஆம் ஆண்டில் மேலும் விரிவாக்கப்பட்டது. உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு: அண்டை வீட்டாரும், எதிர்க் கடைக்காரரும், அடுத்த அலுவலகத்தாரும் அதே பட்டையையே பயன்படுத்துவர்.

ரூட்டர் தான் இருப்பதை அறிவிக்கும் பொருட்டு, வினாடிக்குச் சுமார் பத்து முறை 'பீக்கன்' எனப்படும் சிறு அறிவிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கலங்கரை விளக்கின் ஒளி சுழன்று சுழன்று வருவதைப் போன்றது இது. அடுத்தடுத்துப் பல பீக்கன்கள் வந்து சேராவிடில், ரூட்டர் மறைந்துவிட்டது என்று கணினி தீர்மானித்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

முதற் பணி: குறிப்பேடு

இணைப்பு 'எந்த ஒழுங்குமின்றி' அறுபடுகிறது என்று கூறப்படும் இடங்களில், அறுபட்ட நேரங்களை எவரும் எழுதி வைத்திருப்பதில்லை. நேரம் குறிக்கப்பட்டால் ஒழுங்கு பெரும்பாலும் தானே வெளிப்படும். ஆகவே எதனையும் மாற்றுவதற்கு முன்னர், இரண்டு அல்லது மூன்று நாட்களுக்குக் கீழ்க்கண்டவற்றைக் குறித்து வருதல் வேண்டும்.

1. இணைப்பு அறுந்த நேரமும் மீண்ட நேரமும், நிமிடம் வரையில்.
2. அதே நேரத்தில் அதே அறையிலிருந்த வேறொரு கணினியோ கைபேசியோ இணைப்பை இழந்ததா, இல்லையா.
3. அப்போது கணினியில் நடைபெற்ற வேலை: பெரிய கோப்பு இறக்கப்பட்டதா, அல்லது கணினி சும்மா இருந்ததா.
4. அப்போது கட்டடத்தில் நிகழ்ந்தவை: மின்சாரம் நின்றதா, நீரேற்றும் மோட்டார் இயக்கப்பட்டதா, சமையலறையில் நுண்ணலை அடுப்பு வேலை செய்ததா.

இவற்றுள் இரண்டாவது வினாவே மிகவும் முக்கியமானது. எல்லாக் கருவிகளும் ஒருங்கே இணைப்பை இழந்தால், குறை மூன்றாவது அல்லது நான்காவது கண்ணியில் இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஒரு கணினி மட்டும் இழந்தால், புதிய ரூட்டர் வாங்குவதற்கு முன் அக்கணினியை ஆராய்வதே முறை.

இரு பிங் சோதனை

எண் முகவரி ஒன்றுக்குச் சிறு செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளைக்கு 'பிங்' என்று பெயர். லினக்ஸில் இது நிறுத்தப்படும் வரையில் வினாடிக்கு ஒரு செய்தி வீதம் அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டளைகளை டெர்மினல் எனப்படும் சாளரத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடுதல் வேண்டும்.

முதலில் ரூட்டரின் முகவரியை அறிய வேண்டும். 'ஐபி ரூட்' என்னும் கட்டளையை இட்டால், 'டிஃபால்ட் வையா' என்று தொடங்கும் வரியில் அது காணப்படும். பல இடங்களில் அது 192.168.1.1 என்றிருக்கும். பின்னர் இரு டெர்மினல் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும், மற்றொன்றில் வெளியுலக முகவரி ஒன்றுக்கும் பிங் கட்டளையை இடுதல் வேண்டும். வெளி முகவரியாகக் கூகுள் நிறுவனம் பொதுப் பயனுக்கு இயக்கும் 8.8.8.8 என்பதைக் கொள்ளலாம். பதில் வராத செய்திகளைப் பற்றி லினக்ஸின் பிங் இயல்பாக மௌனம் சாதிக்கும். ஆகவே 'பிங்' என்பதை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டையும் பெரிய எழுத்தாகிய 'ஓ'வையும் சேர்த்துப் பின்னர் முகவரியை இட்டால், பதில் வராத ஒவ்வொரு முறையும் அது தெரிவிக்கப்படும்.

ஒவ்வொரு பதிலுடனும் ஒரு வரிசை எண் காட்டப்படுகிறது. வினாடிக்கு ஒரு செய்தியாதலின், இவ்வெண்ணையே கடிகாரமாகக் கொள்ளலாம். காலை 10 மணிக்குத் தொடங்கிய சோதனையில் 1,500ஆம் செய்தியிலிருந்து பதில் நின்றிருந்தால், அறுபாடு ஏறக்குறைய 10 மணி 25 நிமிடத்தில் நேர்ந்தது எனக் கணக்கிடலாம்.

குறை தோன்றும்போது இரு சாளரங்களும் தரும் சான்றை இவ்வாறு பொருள் கொள்க.

முதல் நிலை: இரண்டிலும் பதில் நிற்கிறது. கணினிக்கும் ரூட்டருக்கும் இடையிலேயே தொடர்பு அறுந்தது. அல்லது ரூட்டரே நின்றுபோயிற்று.

இரண்டாம் நிலை: ரூட்டர் பதில் தருகிறது, வெளி முகவரி தருவதில்லை. கம்பியில்லா இணைப்பு நல்ல நிலையில் உள்ளது. குறை வெளிக் கம்பியிலோ சேவையளிக்கும் நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கிறது. கணினியில் எதனையும் மாற்றுவது வீண் வேலை.

மூன்றாம் நிலை: இரண்டும் பதில் தருகின்றன, ஆயினும் இணையப் பக்கங்கள் திறப்பதில்லை. அறுந்தது இணைப்பன்று, பெயரை எண்ணாக்கும் பெயர்ச் சேவையே தவறுகிறது. எண்ணுக்குப் பதிலாக ஓர் இணையதளத்தின் பெயரை இட்டுப் பிங் செய்து இதனை உறுதிப்படுத்தலாம்.

இச்சோதனை சில மணி நேரமே எடுத்துக்கொள்ளும். ஆனால் நான்கு கண்ணிகளில் ஒன்றையேனும் ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்று விலக்கிவிடும்.

கணினியின் நாட்குறிப்பு

முதல் நிலை ஏற்பட்டு, குறை ஒரு கணினியில் மட்டும் காணப்படுமாயின், அடுத்தபடியாகக் கணினியின் சாட்சியத்தைக் கேட்க வேண்டும். லினக்ஸ் கணினி தன்னுள் நிகழ்பவற்றை நேரத்துடன் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனைப் படிக்கும் கட்டளை 'ஜர்னல்' என்ற சொல்லுடன் சி, டி, எல் என்னும் மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதப்படுவது. அதனுடன் சிறு கோட்டையும் 'கே' எழுத்தையும் சேர்த்தால், இயங்குதளத்தின் மையமாகிய கர்னல் எழுதிய குறிப்புகள் மட்டும் தோன்றும். 'சின்ஸ்', 'அன்டில்' என்னும் குறிகளால் குறிப்பிட்ட நேரத்திற்கு உட்பட்டவற்றை மட்டும் காணலாம். குறிப்பேட்டில் நிமிடம் வரை எழுதியதன் பயன் இங்கே தெரியும்: ஆயிரக்கணக்கான வரிகளுள் வேண்டிய பத்து வரிகளை உடனே எடுத்துவிடலாம். இவற்றைப் படிக்க நிர்வாகி உரிமை தேவைப்படக்கூடும். அலுவலகக் கணினியாயின் பொறுப்பாளரின் அனுமதியைப் பெறுதல் முறை.

இக்குறிப்புகளின் ஆங்கில இலக்கணமும் கவனிக்கத் தக்கது. 'டிஆதென்டிகேட்டட் ஃப்ரம்' என்று செயப்பாட்டு வினையாக எழுதப்பட்டிருந்தால், ரூட்டர் கணினியை வெளியேற்றியது என்பது பொருள். 'டிஆதென்டிகேட்டிங்' என்று தொடங்கி 'பை லோக்கல் சாய்ஸ்' என்ற சொற்களும் காணப்பட்டால், கணினி தானே விலகியது என்பது பொருள். ஒரு விகுதியின் வேறுபாடு சங்கிலியின் எம்முனையைப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டிவிடுகிறது.

அவ்வரியிலேயே 'ரீசன்' என்ற சொல்லுடன் ஒரு காரண எண்ணும் இருக்கும். 3 என்பது ஒரு தரப்பு விடைபெற்றுச் செல்வதைக் குறிக்கும். 4 என்பது நெடுநேரம் செய்தி எதுவும் பரிமாறப்படாமையைக் குறிக்கும். 15 என்பது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நான்கு படி உரையாடல் உரிய காலத்தில் முடியவில்லை என்பதைக் குறிக்கும். கடவுச்சொல் சரியானதாயிருந்தும் 15 மீண்டும் மீண்டும் வருமாயின், சமிக்ஞையின் வலுவின்மையையோ டிரைவரின் குறையையோ ஐயுறலாம். 'பீக்கன் லாஸ்' என்ற சொற்கள் காணப்பட்டால், ரூட்டரின் அறிவிப்புகள் கணினிக்கு எட்டவில்லை என்று அறிக.

காரணங்களும் பரிகாரங்களும்

அலைவெளி

'ஐ-டபிள்யூ' என்னும் இரண்டெழுத்துக் கட்டளையுடன் 'டெவ்' என்ற சொல்லையும், கருவியின் பெயரையும், 'லிங்க்' என்ற சொல்லையும் சேர்த்தால் சமிக்ஞையின் வலு தெரியவரும். கருவியின் பெயர் 'ஐ-டபிள்யூ டெவ்' என்று மட்டும் இட்டால் காட்டப்படும். வலு என்பது ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவில், எதிர்மறை எண்ணாகத் தரப்படுகிறது. எண் பத்துக் குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். கழித்தல் 60 என்பது மில்லிவாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கழித்தல் 70 என்பது கோடியில் ஒரு பங்கு. பொதுவாகக் கழித்தல் 65 அளவு வரையில் தொடர்பு உறுதியாயிருக்கும். கழித்தல் 80க்கு அப்பால் அறுபாடு எதிர்பார்க்கத் தக்கதே.

எஃகு அலமாரி அலைகளைத் தடுக்கும்; நீர் அவற்றை உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி நீராதலின், காலியான வகுப்பறையில் நன்கு வேலை செய்த இணைப்பு நாற்பது மாணவர் நிறைந்தபின் வலுவிழக்கக்கூடும். ரூட்டரை அலமாரியின் பின்னிருந்து எடுத்துத் தலைக்கு மேலான உயரத்தில் வைப்பதே செலவற்ற பரிகாரம்.

வலு நன்றாயிருந்தும் தொடர்பு அறுமாயின், நெரிசலை ஆராய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சானல்களாக எண்ணிடப்பட்டுள்ளது. ஆனால் ஒரு தொடர்புக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஆகையால் 1, 6, 11 என்னும் மூன்று சானல்களே ஒன்றன்மீதொன்று படியாதவை. அண்டையில் எச்சானல்கள் பயன்படுகின்றன என்று பார்த்து, இம்மூன்றில் நெரிசல் குறைந்ததை ரூட்டரில் அமைக்கலாம். நுண்ணலை அடுப்பும் 2,450 மெகாஹெர்ட்ஸுக்கு அருகிலேயே இயங்குகிறது. உணவு வேளையில் மட்டும் தோன்றும் அறுபாட்டுக்கு இது காரணமாகலாம். யுஎஸ்பி 3 வகைச் சாதனங்களும் கம்பிகளும் இதே பட்டையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்று இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையில் விளக்கியுள்ளது. வெளிப்புற வட்டுக்கு அருகே செருகப்பட்ட சிறிய வைஃபை கருவியை, ஒரு நீட்டிப்புக் கம்பியின் உதவியால் சிறிது தள்ளி வைத்தல் இதற்குப் பரிகாரமாகும்.

மின்சேமிப்பு

கணினி சும்மா இருக்கும் வேளைகளில் மட்டும் இணைப்பு அறுவதாகக் குறிப்பேடு காட்டினால், மின்சேமிப்பு ஏற்பாட்டை முதலில் ஐயுறுக. மின்கலத்தின் ஆயுளை நீட்டிக்கும் பொருட்டு, கம்பியில்லாக் கருவி பீக்கன்களுக்கு இடையே உறங்கி எழுகிறது. அதற்குரிய செய்திகளை ரூட்டர் அதுவரையில் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். இரு தரப்பும் இவ்வொழுங்கைச் சரிவரக் கடைப்பிடிக்காவிடில் தொடர்பு தவறிப்போகும்.

'ஐ-டபிள்யூ டெவ்' என்பதுடன் கருவியின் பெயரையும், 'கெட்' என்ற சொல்லையும், 'பவர்', 'சேவ்' என்னும் சொற்களை அடிக்கோட்டால் இணைத்த வடிவையும் இட்டால் இன்றைய நிலை தெரியும். நிர்வாகி உரிமையுடன் 'கெட்' என்பதற்குப் பதிலாக 'செட்' என்றும், இறுதியில் 'ஆஃப்' என்றும் இட்டால் மின்சேமிப்பு நிறுத்தப்படும். இம்மாற்றம் தற்காலிகமானது, கணினியை மீண்டும் இயக்கினால் பழைய நிலை வந்துவிடும். சோதனைக்கு இதுவே நல்லது. பயன் உறுதியான பின்னர், நெட்வொர்க் மேனேஜர் என்னும் நிரலின் அமைப்பில் 'வைஃபை பவர்சேவ்' மதிப்பை 2 என்று எழுதி நிலையாக்கலாம். அங்கு 2 என்பது நிறுத்துதலையும், 3 என்பது இயக்குதலையும் குறிக்கும். மடிக்கணினியில் மின்கலம் சற்று விரைவில் தீரும் என்பதே இதற்குரிய விலை.

டிரைவரும் ஃபர்ம்வேரும்

கம்பியில்லாக் கருவியினுள் ஒரு சிறு கணினியே அடங்கியுள்ளது. அதனை நடத்தும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கர்னலின் குறிப்புகளில், அறுபட்ட அதே வினாடியில் 'ஃபர்ம்வேர்' அல்லது 'மைக்ரோகோட்' என்ற சொல்லுடன் 'எரர்' அல்லது 'கிராஷ்ட்' என்பது காணப்படுமாயின், அலைவெளியின்மீது குற்றமில்லை. இயங்குதளத்தையும் அதன் ஃபர்ம்வேர்த் தொகுப்பையும் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். புதுப்பித்த பின்னரே குறை தோன்றியிருப்பின், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்து இயக்கி ஒப்பிடலாம். 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரி காணப்பட்டால், வெளியில் செருகிய கருவியே ஒரு கணம் மறைந்துபோயிற்று என்று பொருள். செருகுவாய் தளர்ந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முகவரிக் குழப்பம்

ரூட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரியைக் குறிப்பிட்ட காலத்திற்குக் குத்தகையாக அளிக்கிறது. அக்காலத்தில் பாதி கழிந்ததும் கணினி அதனைப் புதுப்பிக்க முயலும். ஆகவே அறுபாடுகள் சம இடைவெளியில் நேருமாயின், அவ்விடைவெளியைக் குத்தகைக் காலத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். மற்றொரு குழப்பமும் உண்டு. எவரோ ஒருவர் அச்சுப்பொறிக்குக் கையால் ஒரு நிலையான முகவரியை எழுதியிருக்க, ரூட்டர் அதே முகவரியை ஒரு கணினிக்கும் அளித்துவிடக்கூடும். அச்சுப்பொறி இயங்கும்போதெல்லாம் அக்கணினி தடுமாறும். அச்சுப்பொறிக்குரிய முகவரியை ரூட்டரிலேயே ஒதுக்கிவைப்பது இதற்குப் பரிகாரம்.

ரூட்டரின் மின்சாரம்

எல்லாக் கருவிகளும் ஒருங்கே அறுபடும் இடங்களில், ரூட்டர் எவ்வளவு நேரமாக இயங்கிவருகிறது என்பதை அதன் நிர்வாகப் பக்கத்தில் காண்க. காலையில் இயக்கிய ரூட்டர் நண்பகலில் 'பத்து நிமிடங்கள்' என்று காட்டினால், அது இடையில் நின்று மீண்டும் எழுந்தது என்பது தெளிவு. மோட்டார் இயங்கும்போது ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியும், மின்சாரம் இன்வெர்ட்டருக்கு மாறும் கணமும், தேய்ந்துபோன அடாப்டரும் இதற்குக் காரணமாகலாம். அடாப்டரை மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் ரூட்டரையே மாற்றுவது பொதுப் பணத்தை வீணாக்குவதாகும். புதிய அடாப்டர் பழையதன்மீது எழுதப்பட்டுள்ள அதே வோல்ட் அளவை உடையதாகவும், ஆம்பியர் அளவில் அதற்குக் குறையாததாகவும் இருத்தல் வேண்டும்.

மாற்றமும் காத்திருப்பும்

பரிகாரங்களைச் செய்யும்போது இரு விதிகள் இன்றியமையாதவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் முதல் விதி. சானலையும், மின்சேமிப்பையும், கர்னலையும் ஒரே நாளில் மாற்றியபின் குறை நீங்கினால், எதனால் நீங்கியது என்பது தெரியாது. மறுமுறை அது வரும்போது பழையபடி இருளில் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் விதி, போதிய காலம் காத்திருத்தல். இதிலேயே பலரும் ஏமாறுகின்றனர். சராசரி இரண்டு மணிக்கு ஒருமுறை, முன்பின் தொடர்பின்றி நேரும் அறுபாட்டை எடுத்துக்கொள்வோம். பரிகாரம் எதுவும் செய்யாமலே, இரண்டு மணி நேரம் அறுபாடின்றிக் கழிவதற்கு நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. நான்கு மணி நேரம் கழிவதற்கு 14 வாய்ப்பும், ஆறு மணி நேரம் கழிவதற்கு 5 வாய்ப்பும் உண்டு. ஆகவே மாற்றம் செய்தபின் சராசரி இடைவெளியைப் போல் மூன்று மடங்கு காலமேனும் அறுபாடு நேராதிருந்தால்தான், குறை நீங்கியது என்று ஓரளவு துணிந்து கூறலாம். நாளுக்கு ஒருமுறை நேர்ந்த குறையாயின் மூன்று நாட்கள் காத்திருத்தல் வேண்டும். ரூட்டரை நிறுத்தி இயக்கியதும் 'சரியாகிவிட்டது' என்று கூறி எழுந்து செல்வோர் பெரும்பாலும் இந்த 37 வாய்ப்பையே வெற்றியாகக் கொள்கின்றனர்.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய கள அலுவலகத்தில் இம்முறை பின்பற்றப்பட்டது எனக் கொள்வோம். மூன்று நாள் குறிப்பேடு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது: ஊழியரின் கைபேசி ஒருமுறையும் இணைப்பை இழக்கவில்லை, கணினியில் இரு பிங் சாளரங்களும் ஒருங்கே நின்றன, ஊழியர் தம் கைக்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த, கணினி சும்மா இருந்த வேளைகளிலேயே அது நேர்ந்தது. கர்னலின் குறிப்பு கணினி தானே விலகியதாகக் கூறுகிறது. சமிக்ஞை கழித்தல் 55. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வெளிக் கம்பியும், ரூட்டரும், அலைவெளியும் விலகி, மின்சேமிப்பும் டிரைவருமே எஞ்சுகின்றன. மின்சேமிப்பை நிறுத்தி உரிய காலம் காத்திருந்து, பயன் இல்லையேல் டிரைவரை நோக்கிச் செல்லலாம். புதிய ரூட்டர் வாங்கும் விண்ணப்பம் எழுதப்படவே வேண்டியதில்லை.

காரணம் கண்டறியப்படும் வரையில், பணியைக் காத்துக்கொள்ளவும் ஒரு வழி வேண்டும். விவரங்களை நேரடியாக இணையப் படிவத்தில் பதியாமல், முதலில் கணினியிலேயே ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதிச் சேமித்து, பின்னர்ப் பகுதி பகுதியாக அனுப்புதல் நன்று. கூடுமான இடங்களில் கணினியைக் கம்பி மூலமாக ரூட்டருடன் இணைத்துவிடலாம். கம்பியில் இணைத்தபின்னும் குறை தொடருமாயின், கம்பியில்லாப் பகுதி குற்றமற்றது என்பதும் அதனாலேயே தெளிவாகும்.

வகுப்பறையில் செய்யத் தக்க சோதனைகள்

1. மடிக்கணினியை ரூட்டரிலிருந்து 1, 2, 4, 8 மீட்டர் தொலைவுகளில் வைத்து, ஒவ்வோரிடத்திலும் சமிக்ஞையின் வலுவைப் பத்து முறை குறித்துச் சராசரி காண்க. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்கானால் வலு 6 டெசிபெல் குறைய வேண்டும். வகுப்பறையில் கிடைக்கும் எண்கள் இதிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றன, ஏன் என்று மாணவர் ஆராயட்டும். பின்னர் எஃகு அலமாரியின் பின்னே வைத்து மீண்டும் அளக்க.

2. முப்பது மாணவரிடம் ஆளுக்கு ஒரு பகடையைக் கொடுத்து, 'ஆறு' விழுவதை அறுபாடாகக் கொள்ளச் செய்க. ஆறு முறை உருட்டியபின் அறுபாட்டையே காணாதவர் சுமார் பத்துப் பேர் இருப்பர். பதினெட்டு முறை உருட்டியபின் ஒருவர் அளவிலேயே எஞ்சுவர். மூன்று மடங்கு காத்திருக்க வேண்டும் என்ற விதியின் காரணம் சூத்திரமின்றியே விளங்கும்.

வினாக்கள்

1. ரூட்டர் பிங்குக்குப் பதில் தருகிறது; வெளி முகவரி தருவதில்லை. இந்நிலையில் கணினியின் மின்சேமிப்பை மாற்றுவது பயன் தருமா? காரணம் கூறுக.

2. எல்லாக் கருவிகளும் தினமும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இணைப்பை இழக்கின்றன. அந்நேரங்களில் மேல்தொட்டிக்கு நீர் ஏற்றப்படுகிறது. முதலில் எதனைச் சோதிக்க வேண்டும்?

3. சராசரி நான்கு மணிக்கு ஒருமுறை அறுந்த இணைப்பு, சானலை மாற்றியபின் ஐந்து மணி நேரம் அறாமல் இருந்தது. குறை நீங்கியது எனக் கூறலாமா? இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?